கிரெடிட் என்றால் எத்தனை மணி நேரம்? செமஸ்டர் சுமையைக் கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

என் தங்கச்சி மகள் அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பாளையங்கோட்டைக்கு வந்து பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். சேர்ந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது, பாடத்திட்டத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"மாமா, தமிழுக்கு வாரத்துக்கு ஆறு ஹவர் போட்டிருக்காவ, கிரெடிட் மூணுதான். கணக்குக்கு அஞ்சு ஹவர், கிரெடிட்டும் அஞ்சு. கூட நேரம் உக்காருத பாடத்துக்குக் கொறஞ்ச கிரெடிட்டா? இது என்ன கணக்கு?"

"ஏட்டி, கணக்குப் படிக்கவ நீ. நீயே சொல்லு" என்றேன். முறைத்தாள்.

முப்பது வருஷம் கல்லூரியில் கணக்கு நடத்தியவன் நான். அதில் எட்டு வருஷம் டைம்டேபிள் போடும் வேலையும் என் தலையில்தான். அத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டவர்கள் குறைவு. அன்றைக்கு அவளும் நானும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் தாளில் எண்கள் கொஞ்சம் மாறலாம். போடும் வழி மாறாது.

முதல் படி: தாளில் இரண்டு எண் இருக்கிறது, இரண்டும் வேறு

எல்லாப் பாடத்திட்டத்திலும் முதல் ஓரிரு பக்கத்துக்குள் ஒரு அட்டவணை இருக்கும். பாடத்தின் பெயருக்கு நேரே ஒரு கட்டத்தில் வாரத்துக்கு எத்தனை ஹவர், அடுத்த கட்டத்தில் எத்தனை கிரெடிட். ஹவர் என்பது ஆசிரியர் வகுப்பில் நிற்கும் நேரம். கிரெடிட் என்பது அந்தப் பாடத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய மொத்த உழைப்பின் அளவு. வகுப்பில் உட்காருவது, வீட்டில் படிப்பது, அசைன்மென்ட், செமினார், பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-ல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில் இளங்கலை முதல் செமஸ்டர் இப்படி இருக்கும். தமிழ் 6 ஹவர், 3 கிரெடிட். ஆங்கிலம் 6 ஹவர், 3 கிரெடிட். மேஜர் தாள், அதாவது பட்டத்துக்கு எடுத்த முதன்மைப் பாடம், இரண்டு, ஒவ்வொன்றும் 5 ஹவர், 5 கிரெடிட். துணைப்பாடம் 4 ஹவர், 3 கிரெடிட். திறன் மேம்பாட்டுத் தாள் 2 ஹவர், 2 கிரெடிட். அடிப்படைத் தாளும் அதே 2, 2. கூட்டினால் வாரத்துக்கு 30 ஹவர், செமஸ்டருக்கு 23 கிரெடிட். ஆறு செமஸ்டருக்கும் சேர்த்து 140.

பொறியியல் பிள்ளைகளுக்கு இதே சங்கதி நான்கு எண்ணாக இருக்கும்: எல், டி, பி, சி. விரிவுரை, டுடோரியல், பிராக்டிகல், கடைசியில் கிரெடிட். '3 0 2 4' என்று பார்த்தால் விரிவுரை மூன்றுக்கு மூன்று, ஆய்வகம் இரண்டு மணிக்கு ஒன்று, ஆக நான்கு. அங்கே ஹவரிலிருந்து கிரெடிட் நேராகப் பிறக்கும். நம் கலை அறிவியல் கல்லூரிகளில் அப்படிப் பிறக்காது. மொழிப்பாடத்துக்கு நேரம் தாராளம், கிரெடிட்டில் சிக்கனம். குழப்பம் வருவது அங்கேதான்.

இரண்டாம் படி: ஹவரை உண்மையான மணியாக்குங்கள்

கல்லூரி 'ஹவர்' பெரும்பாலும் 50 நிமிடம். சில இடங்களில் 55. நான் 50 வைத்தே போடுகிறேன்.

அடுத்து நாள் கணக்கு. செமஸ்டருக்கு 90 வேலை நாள். இங்கே 'டே ஆர்டர்' புரிய வேண்டும். பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் மாதம் தடுமாறுவது இதில்தான். திங்கள், செவ்வாய் என்று கிழமைக்கு டைம்டேபிள் கிடையாது. டே ஆர்டர் ஒன்று முதல் ஆறு வரை சுற்றிச்சுற்றி வரும். ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் இழுக்கிற நாளில் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அன்றைக்கு டே ஆர்டர் நாலு வர வேண்டியது என்றால் அது எங்கும் போய்விடாது. அடுத்த வேலை நாள் நாலு என்று தொடரும். ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வைப்பார்கள், அதற்கும் ஒரு எண் உண்டு. "இன்னைக்கு என்ன கெழம" என்று யாரும் கேட்க மாட்டார்கள், "இன்னைக்கு என்ன ஆர்டர்" என்றுதான் கேட்பார்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? கிழமைக்கு டைம்டேபிள் போட்டால், வெள்ளிக்கிழமையில் நாலு விடுமுறை வந்த செமஸ்டரில் வெள்ளிக்கிழமைப் பாடம் மட்டும் அடிபடும். டே ஆர்டர் வைத்தால் திருவிழாவோ மழையோ எல்லாப் பாடத்தையும் சமமாகத்தான் தள்ளும். கிரெடிட்டுக்கு உரிய வகுப்பு நேரத்தைக் காப்பாற்ற இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

90 நாளை ஆறால் வகுத்தால் 15 சுற்று. சுற்றுக்கு 30 ஹவர். ஆக 450 ஹவர். ஒன்றுக்கு 50 நிமிடம் வீதம் 375 மணி நேரம். ஒரு செமஸ்டரில் நீங்கள் பெஞ்சில் உட்காருவது அவ்வளவுதான், ஒரு நாள்கூட லீவு போடாமல் இருந்தால்.

மூன்றாம் படி: கிரெடிட்டை மொத்த உழைப்பாக்குங்கள்

2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரக் கற்றல் என்று வைத்திருக்கிறது. வருஷத்துக்கு 40 கிரெடிட், 1,200 மணி. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் விரிவுரைக்கு செமஸ்டருக்கு 15 மணி வகுப்பு, ஒரு கிரெடிட் செய்முறைக்கு 30 மணி. மூன்று வருஷப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருஷத்துக்கு 160. நம் மாநிலத்துப் பிள்ளைகள் மூன்று வருஷத்தில் 140 எடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 20 கிரெடிட் கூடுதல். 30 மணி வீதம் பார்த்தால் 600 மணி நேரம்.

நம் கணக்குக்கு வருவோம். 23 கிரெடிட்டை 30-ஆல் பெருக்கினால் 690 மணி. வகுப்பில் போவது 375. மீதி 315. அதை 15 சுற்றுக்குப் பிரித்தால் சுற்றுக்கு 21 மணி நேரம். வகுப்புக்கு வெளியே, உங்கள் சொந்த நேரத்தில்.

21 என்றதும் மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "வாரத்துக்கா?" என்றாள். ஆறு நாளும் வகுப்பு நடக்கிற கல்லூரி என்றால் ஆமாம், வாரத்துக்குத்தான். ஐந்து நாள் மட்டும் நடந்தால் 90 நாள் 18 வாரமாக நீளும், அப்போது 315-ஐ 18-ஆல் வகுக்க வேண்டும், பதினேழரை. சில கல்லூரிகளில் டே ஆர்டர் ஐந்துதான், நாளுக்கு ஆறு ஹவர். அங்கே பெஞ்சு நேரம் 450 மணி, வெளியே 240, வாரத்துக்குச் சுமார் பதின்மூன்று. உங்களுடையது எது என்று பார்த்துப் போடுங்கள்.

இந்த மணிக்கணக்கு பிறந்த கதை கொஞ்சம் வேடிக்கை. 1905-ல் ஆண்ட்ரூ கார்னகி அமெரிக்கப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்கு ஒரு கோடி டாலர் கொடுத்தார். எது கல்லூரி, எது பள்ளி என்று தெரியாமல் பென்ஷன் கொடுக்க முடியாது அல்லவா? அதனால் அந்த அறக்கட்டளை ஒரு வரையறை போட்டது. ஒரு பாடத்தை வருஷத்தில் 120 மணி நேரம் படித்தால் ஒரு யூனிட், பள்ளியில் 14 யூனிட் முடித்தவர்களைச் சேர்ப்பதுதான் கல்லூரி. மாணவருக்கு என்ன புரிந்தது என்று அளக்க வந்த கோல் இல்லை இது, வாத்தியார் பென்ஷனுக்கு வந்த கோல். பென்ஷன் வாங்குகிற வாத்தியார் என்ற முறையில் எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கிரெடிட் அதிகம் என்றால் அறிவு அதிகம் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை நினைத்துக்கொள்வேன்.

இன்றைய அமெரிக்க அரசு விதியில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு, அதோடு வெளியே குறைந்தது இரண்டு மணி உழைப்பு, சுமார் 15 வாரம். ஆக 45 மணி. நமக்கு 30, அவர்களுக்கு 45 என்றதும் அங்கே படிப்பு கடினம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அங்கே ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட்தான் எடுப்பார்கள். 15 தடவை 45, 675 மணி. நம்முடையது 690. சுமை கிட்டத்தட்ட ஒன்றுதான், பிரித்த விதம் வேறு. அவர்கள் வாரத்துக்கு 15 மணி வகுப்பில் இருந்துவிட்டு 30 மணி தாமாகப் படிக்கிறார்கள். நாம் 25 மணி வகுப்பில் இருந்துவிட்டு 21 மணி தாமாகப் படிக்க வேண்டும். படிக்கிறோமா என்பது வேறு கேள்வி. முப்பது ஹவர் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் படித்ததாகவே ஆகிவிட்டது என்று நாமும் நினைக்கிறோம், கல்லூரியும் நினைக்கிறது.

நான்காம் படி: பாடத்துக்குப் பாடம் கழித்துப் பாருங்கள்

மருமகள் கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

தமிழ்: 3 கிரெடிட், 90 மணி உழைப்பு. வகுப்பில் 90 ஹவர், அதாவது 75 மணி. மீதி 15. சுற்றுக்கு ஒரே ஒரு மணி. ஆங்கிலமும் அப்படியே.

மேஜர் தாள் ஒன்று: 5 கிரெடிட், 150 மணி. வகுப்பில் 75 ஹவர், அறுபத்திரண்டரை மணி. மீதி எண்பத்தேழரை. சுற்றுக்குச் சுமார் 5 மணி 50 நிமிடம். இரண்டு மேஜருக்கும் சேர்த்தால் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு.

துணைப்பாடம்: 90 மணியில் வகுப்பு 50, மீதி 40. சுற்றுக்கு 2 மணி 40 நிமிடம். இரண்டு கிரெடிட் தாள்கள்: 60 மணியில் வகுப்பு 25, மீதி 35, சுற்றுக்கு 2 மணி 20 நிமிடம். அப்படி இரண்டு.

எல்லாவற்றையும் கூட்டினால் அதே 21 வரும். கூட்டிப் பாருங்கள், வராவிட்டால் எங்கேயோ தப்பு.

இப்போது பார்த்தால் தமிழுக்கு ஆறு ஹவரும் மூன்று கிரெடிட்டும் முரண் இல்லை. தமிழை வகுப்பிலேயே முடித்துக் கொடுக்கிறார்கள். செய்யுளை ஆசிரியர் பதம் பிரித்துச் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்டால் வீட்டில் வேலை அதிகம் இல்லை. மேஜர் தாளில் வகுப்பு வெறும் தொடக்கம். தேற்றத்தைக் கரும்பலகையில் போட்டுவிட்டு ஆசிரியர் போய்விடுவார். பயிற்சிக் கணக்கு முழுக்க உங்கள் பாடு. நடைமுறையில் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தமிழ் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து மேஜர் ரெக்கார்டு எழுதுவது, பிறகு பரீட்சைக்கு முந்தின ராத்திரி கோனார் உரையோடு போராடுவது. வகுப்பில் இலவசமாகக் கிடைத்த 75 மணியை வீசிவிட்டு, வீட்டில் இல்லாத நேரத்தைத் தேடுகிற வேலை அது.

ஆய்வகம் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செய்முறைக்கு இரண்டு மணிக்கு ஒரு கிரெடிட் என்பதன் பொருள், அந்த வேலை ஆய்வகத்திலேயே முடிந்துவிடும் என்பது. ரெக்கார்டு நோட்டுக்குக் கணக்கில் இடமே இல்லை. ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும், படம் வரைய வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். அப்சர்வேஷன் நோட்டிலிருந்து அன்றன்றைக்கே ஏற்றிவிடுங்கள். இயற்பியல், வேதியியல், விலங்கியல் பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு மணி இதற்கென்று கூடுதலாக ஒதுக்குவது நல்லது.

ஐந்தாம் படி: இந்த 21 மணியை வாரத்தில் எங்கே வைப்பது?

எண் போடுவது எளிது. முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி என்னிடம் படித்தாள். வீட்டில் அம்மாவும் ஆச்சியும் பீடி சுற்றுகிறவர்கள். காலையில் ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டால் சாயங்காலம் ஐந்துக்குத் திரும்புவாள். வந்ததும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சுற்றின பீடிக்குத் தலை மடக்கிக் கொடுக்க வேண்டும். கட்டு எண்ணி முடிக்க ஏழரை. "படிக்க எப்ப சார் நேரம்?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவளோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை ஆறு நாள், ஒன்பது மணி. கல்லூரியில் ஒன்றரைக்கு வகுப்பு முடியும். அவள் ஊர் பஸ் மூன்றுக்குத்தான். இடையில் சாப்பாடு போக லைப்ரரியில் ஒரு மணி, ஆறு நாளுக்கு ஆறு. ஞாயிறு காலை நான்கு. ஆக 19. மீதி இரண்டு மணியைப் பஸ்ஸில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் கணக்குப் போட முடியாது, ஆனால் இரண்டு கிரெடிட் தாளுக்கு வாசிக்க முடியும். எந்தப் பாடத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் இதில் சூட்சுமம். மேஜருக்கு மேசையும் அமைதியும் வேண்டும், அதனால் லைப்ரரியும் ஞாயிறு காலையும் மேஜருக்கு. இரவு தூக்கம் சொக்குகிற நேரத்தில் நோட்டை ஒழுங்குபடுத்துவது, அசைன்மென்ட் எழுதுவது.

இதையெல்லாம் பரீட்சை லீவில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரே ஒரு தேதி சொல்வேன்: 2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி பெருகி ஊருக்குள் வந்தபோது நோட்டும் புத்தகமும் நனைந்தவர்கள் உண்டு, கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் உண்டு. நம் ஊரில் முதல் பருவப் பரீட்சை வருவதே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான்.

வருகைப்பதிவையும் இதோடு முடித்துவிடுகிறேன். 75 சதவீதம் என்றால் 90 நாளில் 68 நாள் இருந்தாக வேண்டும். 22 நாள் மிச்சம் இருக்கிறதே என்று எண்ணாதீர்கள். காய்ச்சலுக்கு, கொடைக்கு, வீட்டுக் கல்யாணத்துக்கு என்று தானாகவே பாதி போய்விடும். ஒரு நாள் போனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் வகுப்பு போகிறது, அதை வீட்டில் ஈடுகட்ட நான்கு மணி நேரம் போதாது.

ஆறாம் படி: மதிப்பெண்ணில் கிரெடிட் எப்படி எடை போடும்

சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பார்கள். மேஜர் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதல் தாள் 70, இரண்டாவது 60, துணைப்பாடம் 85. சும்மா சராசரி எடுத்தால் 71.7. கிரெடிட் எடை போட்டால் 350, 300, 255, கூட்டினால் 905. அதை 13-ஆல் வகுத்தால் 69.6. துணைப்பாடத்தில் பத்து மதிப்பெண் கூட்டினால் சராசரி 2.3 ஏறும். அதே பத்தை மேஜரில் கூட்டினால் 3.8.

இதில் நானே ஒரு தடவை வசமாக மாட்டியிருக்கிறேன். கிரெடிட் முறை எங்களுக்குப் புதிதாக இருந்த காலம். அப்போது வேலை பார்த்த கல்லூரியில் பரிசுக்குரிய பட்டியல் தயாரிக்கும்போது கிரெடிட் கட்டத்துக்குப் பதிலாக ஹவர் கட்டத்தை எடுத்துப் பெருக்கிவிட்டேன். துணைப்பாடத்துக்கு மூன்றுக்குப் பதில் நான்கு. மேலே சொன்ன எண்களுக்கே போட்டுப் பாருங்கள், 990-ஐ 14-ஆல் வகுத்தால் 70.7 வரும். 70-ஐத் தாண்டினால் பரிசு. வாங்கக்கூடாத பையன் பேர் பட்டியலில் ஏறிவிட்டது. ஒரு மாணவி நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து காட்டியபோதுதான் தெரிந்தது. கணக்கு வாத்தியாருக்கு அதைவிட அவமானம் வேறு என்ன வேண்டும்? பல பல்கலைக்கழகங்களில் இந்தச் சராசரியைத் தமிழ், ஆங்கிலம், மேஜர் என்று பகுதி பகுதியாகத் தனியே எடுக்கிறார்கள். உங்கள் தாளில் எப்படி என்று பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள்.

வெளியே போகும்போது

ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையக் கல்வித் தளத்தில் எடுக்கும் படிப்புகளுக்கும் கிரெடிட் உண்டு. எடுக்கும் முன் துறைத்தலைவரிடம் கேட்டு, எந்தத் தாளுக்கு ஈடாக ஏற்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாணவர் எடுத்த கிரெடிட்டைக் கணக்கில் சேர்த்து வைக்க 2021-ல் வந்த கிரெடிட் வங்கியில் சேர்த்தவை அதிகபட்சம் ஏழு வருஷம் செல்லும். இடையில் படிப்பை விட்டவர்கள் திரும்பி வர அது உதவும்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஐரோப்பாவில் வருஷத்துக்கு 60 கிரெடிட், ஒன்றுக்கு 25 முதல் 30 மணி. மூன்று வருஷத்துக்கு 180. "எங்கிட்ட 140தான இருக்கு, 40 கொறயுதே" என்று ஒரு பையன் பயந்துபோய் வந்தான். எண்ணுக்கு எண் வைக்கக் கூடாது. நம் 140-உம் அவர்கள் 180-உம் மூன்று முழு வருஷத்து உழைப்பைத்தான் சொல்கின்றன. பிரிட்டனில் ஒரு கிரெடிட் வெறும் 10 மணி, அதனால் அங்கே மூன்று வருஷத்துக்கு 360. இப்படி ஒப்பிட அவர்கள் கேட்பது கிரெடிட்டோடு மணிக்கணக்கையும். மார்க் ஷீட்டில் மணி இருக்காது, பாடத்திட்டத்தில்தான் இருக்கும். ஆகவே நீங்கள் சேர்ந்த வருஷத்துப் பாடத்திட்டப் புத்தகத்தை, ஹவரும் கிரெடிட்டும் உள்ள பக்கத்தோடு, இப்போதே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் பாடத்திட்டம் மாறிவிடும், பழைய புத்தகத்தைத் தேடி அபிஷேகப்பட்டிக்குப் பல்கலைக்கழகம் வரை அலைய வேண்டிவரும். மருமகள் தன் பிரதியைக் காலண்டர் தாளோடு சேர்த்து ஊசி குத்தி வைத்திருக்கிறாள். சுற்றுக்கு 21 என்ற எண்ணைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 16 என்று எழுதியிருக்கிறாள். முதல் மாதம் அவளால் முடிந்தது அவ்வளவுதானாம்.